தலை, கழுத்துப் புற்றுநோய்: கண்டறிதலிலும் சிகிச்சையிலும் ஆய்வு வந்த தூரம்
(மாநாட்டுத் தலைமை உரை, திருவனந்தபுரம்)

தலை, கழுத்துப் புற்றுநோய் ஒரே நோயன்று. உதடு, நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு, அண்ணம், தொண்டை, குரல்வளை என்று இடத்துக்கு இடம் அதன் போக்கு மாறும். நாட்டுக்கு நாடும் மாறும். மேலை நாடுகளில் எச்.பி.வி. வைரஸால் டான்சிலிலும் அடிநாக்கிலும் தோன்றும் புற்று முன்னுக்கு வந்துவிட்டது. அது சிகிச்சைக்கு நன்றாக மசிவதால், மருந்தையும் கதிர்வீச்சையும் எவ்வளவு குறைக்கலாம் என்பது அங்கே முதன்மையான ஆய்வுக் கேள்வியாகியிருக்கிறது. இந்தியாவின் நிலை வேறு. இங்கே புகையிலையும் பாக்கும் உண்டாக்கும் வாய்ப்புற்றே மிகுதி. 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் உதட்டிலோ வாயிலோ புதிதாகப் புற்று கண்டவர்கள் ஏறக்குறைய 1.4 லட்சம் பேர். இறந்தவர்கள் 80 ஆயிரத்தை ஒட்டியவர்கள். வெளிநாட்டுக் கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள் இந்தக் கூட்டத்துக்கு ஓரளவே பயன்படும்.

இந்த நோயைப் பற்றிய இந்திய ஆய்வின் வேர் பழைய திருவிதாங்கூரில் இருக்கிறது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் பென்டால், தாம் தொகுத்த 1,700 புற்றுநோயாளிகளின் விவரத்தை 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதே மருத்துவமனையின் ஓர் என்னும் மருத்துவர் 1933இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றையே பொருளாகக் கொண்டது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற சாமர்வெல்லும் நெய்யூரில்தான் அறுவை மருத்துவராக இருந்தார். மலையேற்றம் தந்த புகழில் அவருடைய வாய்ப்புற்று அறுவைப் பணி மறைந்துபோயிற்று. புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவு செய்து வெளியிட்டது 2004இல். ஓரின் கட்டுரைக்கும் இதற்கும் இடையே எழுபது ஆண்டு கடந்துவிட்டது.

கண்டறிதலில் இதுவரை நடந்தவற்றுள் தலையாய ஆய்வு திருவனந்தபுரத்தினுடையது. 1981இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம், பன்னாட்டு முகமையின் சங்கரநாராயணன் முதலியோருடன் சேர்ந்து 1996இல் இதைத் தொடங்கியது. மாவட்டத்தின் 13 ஊராட்சிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன. ஏழில் பரிசோதனை, ஆறில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். 35 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறக்குறைய 1.9 லட்சம் பேர் இதில் அடங்கினர். வீடுவீடாகப் போய் வாயைப் பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். மருத்துவம் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற பட்டதாரிகள். வெளிச்சமும் கண்ணும் விரலுமே அவர்களின் கருவிகள். வெண்படலம், செம்படலம், ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் அவரை மருத்துவரிடம் அனுப்பினர். மூன்றாண்டுக்கு ஒருமுறை இது திரும்ப நடந்தது.

2005இல் லான்செட்டில் வெளிவந்த முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். மொத்த மக்களையும் சேர்த்துப் பார்க்கையில் வாய்ப்புற்று மரணம் குறைந்ததுபோல் தெரிந்தாலும், அது தற்செயல் அல்ல என்று சொல்லப் புள்ளிவிவரம் இடம் தரவில்லை. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மரணம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கு 2013இல் வந்தபோது அந்தக் குறைவு 24 விழுக்காடு; நான்கு சுற்றுக்கும் தவறாமல் வந்த பழக்கமுள்ளவர்களிடம் இன்னும் பெரியது. எல்லாருடைய வாயையும் பார்ப்பதைவிட மெல்லுபவர், புகைப்பவர், குடிப்பவர் வாயை விடாமல் பார்ப்பதே உயிர் காக்கும் என்பது இதிலிருந்து பெறப்படும் பாடம். இன்னொரு செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஐயத்துக்குரியவர் என்று அனுப்பப்பட்ட 5,145 பேரில் மருத்துவரிடம் போனவர்கள் 3,218 பேர்தான். வலியில்லாத வெண்படலத்துக்காக ஒரு நாள் கூலியை யார் விடுவார்?

முன்நிலைப் படலங்களை மருந்தால் போக்கும் முயற்சியும் கேரளத்தில் நடந்தது. புகையிலை மெல்லுவோருக்கு ஓராண்டு தினம் ஒரு கிராம் ஸ்பைருலினா பாசி கொடுத்துப் பார்த்த ஆய்வு 1995இல் வெளியானது. 44 பேரில் 20 பேருக்குப் படலம் முழுதும் மறைந்தது. மறைந்தவர்களில் ஒன்பது பேருக்கு, நிறுத்திய ஓராண்டுக்குள் மீண்டும் வந்தது. மெல்லும் பழக்கத்தை விடுவதற்கு ஈடான மாத்திரை இன்னும் இல்லை. ஒளியால் திசு மாற்றத்தை அளக்கும் ஓரல்ஸ்கேன் என்னும் கைக்கருவியும் இந்நகரில் உருவானதே. எங்கே திசு எடுத்துச் சோதிப்பது என்று காட்ட இத்தகைய கருவிகள் உதவலாம்; திசுப் பரிசோதனையின் இடத்தை அவை பிடிக்கவில்லை.

சிகிச்சையில், கதிர்வீச்சோடு மருந்தைச் சேர்க்கும் சிந்தனை தமிழகத்துக்குப் புதிதன்று. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் கன்னப் புற்றுக்கான கூட்டுச் சிகிச்சையை 1971இலேயே அறிக்கையிட்டிருந்தனர். பின்னாளில் சிஸ்பிளாட்டின் நிலையான துணை மருந்தாயிற்று. இந்திய மருத்துவமனைகள் பலவும் அதை வாரந்தோறும் சிறு அளவில் கொடுத்து வந்தன. நோயாளி தாங்குவார், படுக்கையும் வேண்டாம் என்பது காரணம். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 300 பேரிடம் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்ட ஆய்வு அந்த வசதியைக் குலைத்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழு அளவு பெற்றவர்களில் 73 விழுக்காட்டினருக்கும், வாரந்தோறும் 30 மில்லிகிராம் கணக்கில் பெற்றவர்களில் 58.5 விழுக்காட்டினருக்கும் ஈராண்டில் நோய் அதே இடத்தில் கட்டுக்குள் இருந்தது. நச்சு விளைவு முழு அளவில் கூடுதல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிஸ்பிளாட்டினைத் தாங்காத சிறுநீரகமும் செவியும் உள்ளவர்களுக்கு டோசிடாக்செல் உதவும் என்று அதே மருத்துவமனை 2023இல் காட்டியது.

அறுவையிலும் ஒரு நீண்ட வழக்கை மும்பை தீர்த்துவைத்தது. வாயில் சிறு கட்டி, கழுத்தில் நெறி ஏதும் தட்டுப்படவில்லை. கழுத்து நிணக்கணுக்களை அப்போதே அகற்றுவதா, பின்னர் வீங்கினால் பார்த்துக்கொள்வதா? 2015இல் வந்த விடையில், முன்கூட்டி அகற்றியவர்களில் மூன்றாண்டு உயிருடன் இருந்தவர்கள் 80 விழுக்காடு, காத்திருந்தவர்களில் 67.5. உலகின் பாடநூல்கள் இந்த முடிவை ஏற்றன. கட்டியின் அகலத்தோடு ஆழத்தையும் நோய்நிலைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் 2018 முதல் நடைமுறைக்கு வந்தது. கால் எலும்பைக் கொண்டு தாடையைத் திரும்பக் கட்டும் நுண்ணறுவையும், உமிழ்நீர்ச் சுரப்பியைத் தப்பவிடும் செறிவுசீர் கதிர்வீச்சும் உயிரை மட்டும் அன்றி உண்ணும் வாயையும் காக்கின்றன.

நோயெதிர்ப்பு மருந்துகளே இன்று அதிகம் பேசப்படுபவை. அறுவைக்கு முன்னும் பின்னும் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்தால் நோய் திரும்புவது தள்ளிப்போகிறது என்பது 2025இல் வெளியாயிற்று. அதன் விலை பெரும்பாலான இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாது. முற்றிய நோயில் நிவோலுமாபை வெறும் 20 மில்லிகிராம், அதாவது வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வாய்வழி மருந்துகளுடன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்த மும்பை ஆய்வு 2023இல் வந்தது. ஓராண்டு உயிர் பிழைத்தோர் 16 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்தனர். முழு அளவோடு அது ஒப்பிடப்படவில்லை என்பது குறைதான். ஆனால் மருந்து நிறுவனம் எழுப்ப விரும்பாத கேள்வியை மருத்துவமனை எழுப்பியது. அத்தகைய கேள்விகளே இங்கே தேவை.

30 வயதுக்கு மேற்பட்டோருக்கு வாய்ப் பரிசோதனை செய்யும் திட்டத்தை மத்திய அரசு 2016இல் வகுத்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் வாய்ப் பரிசோதனை எப்போதேனும் செய்துகொண்டதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆண்கள் ஒருவருக்குச் சற்று மேல். புதிய மருந்துக்குத் தரும் நேரத்தில் பாதியையாவது இம்மாநாடு இந்த எண்ணுக்குத் தர வேண்டும். மெல்லுவோரையும் புகைப்போரையும் பெயர் எழுதிப் பதிவது யார், மூன்றாண்டுக்கு ஒருமுறை அவர்கள் வாயைப் பார்ப்பது யார், அனுப்பியவர் வராவிட்டால் தேடிப் போவது யார் என்பதை முடிவு செய்து அரசுக்கு எழுத வேண்டும்.