பேரில்லாத பட்டியல்

தோழர்களே, பாட்டனோட அப்பன் பேரு தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க. சரி, இறக்கிடுங்க.

அமெரிக்கக் கறுப்பர்கள் இதே கேள்வியோடு தெற்கத்திக் கிராமங்களுக்குத் திரும்பிப் போனார்கள். 1976இல் அலெக்ஸ் ஹேலியின் ‘வேர்கள்’ வந்தது. 1977இல் வம்சம் தேடுவதற்கென்றே சங்கம் வைத்தார்கள். 1870 மக்கள்தொகைக் கணக்குவரை போய்விடலாம். விடுதலையான அத்தனை பேரும் பேரோடு பதிவானது அதில்தான். அதற்கு முன்னால் சுவர். 1850, 1860 அடிமைக் கணக்குகளில் ஆண்டை பேரு இருக்கும். அதன்கீழ் வயசு, ஆணா பெண்ணா, நிறம். அடிமைக்குப் பெரும்பாலும் பேரில்லை.

அப்ப ஆண்டையைத்தான் தேடணும். கவுண்டி, அதாவது நம்ம ஜில்லா மாதிரி. அதன் கோர்ட்டில் அவன் உயிலும் சொத்துப் பட்டியலும் கிடக்கும். மாடு, கலப்பை, கட்டில், அதே வரிசையில் விலை போட்டு மனுசங்க. பாட்டி பேரு அங்கே கிடைச்சா சிரிக்கிறதா, அழுவுறதா?

தனியாளா இதைச் செய்ய முடியாது. அதே கவுண்டியில் தன் குடும்பத்தைத் தேடுகிறவர் பக்கத்துப் பண்ணை உயிலையும் படியெடுத்து அனுப்புவார்: ‘உங்க ஆளுங்க இதுல இருக்காங்க.’ ஆண்டை வாரிசுகளிடமும் கேட்கிறார்கள். சிலர் பெட்டியைத் திறக்கிறார்கள், சிலர் பூட்டுகிறார்கள். இதைக் கெஞ்சல் என்று நான் நினைக்கலை. நம்ம பேரு அவன் வீட்டுல இருக்கு, கேட்கிறோம்.

இங்கேயும் ஆளை விற்ற ஓலைகள் உண்டு. அதைத் தேடுவோம். அதுக்கு முன்னாடி, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வீட்டுக் கிழவிகிட்ட கேட்டு மூணு தலைமுறைப் பேரை எழுதிக்கிட்டு வாங்க.