இரு குச்சிகளின் பண்பாடு

கொல்கத்தாவின் டாங்ராப் பகுதிச் சீன உணவகங்களில் இன்று நம்மவரும் இரு குச்சிகளைப் பிடித்துப் பழகுகின்றனர். சீனத்தின் அன்யாங் நகரருகே 3,000 ஆண்டுகட்கு முற்பட்ட வெண்கலக் குச்சிகள் கிடைத்துள்ளன. அவற்றின் பழம்பெயர் 'ஜு'. அது 'நின்றுவிடு' என்னும் பொருளுடைய சொல்லை ஒத்து ஒலித்தமையால், படகோட்டிகள் அதனை விலக்கி, 'விரைவு' எனப் பொருள்தரும் 'குவாய்' என வழங்கினர் என்பர். இன்றைய பெயரான 'குவாய்ட்ஸு', 'விரைவில் மகப்பேறு' என்றும் ஒலிப்பதால் மணமக்கட்குப் பரிசாகின்றது. சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாக நடுதல் ஆகாது. இறந்தார்க்கு ஏற்றும் ஊதுவத்தியை அது நினைவூட்டும். நாமும் இலையை மூடும் திசையில் மங்கலத்தையும் துக்கத்தையும் வேறுபடுத்துகின்றோம் அன்றோ? அயல் மாநிலத்தில் நாம் கையால் உண்பதைக் கண்டு நகைத்தோர் உண்டு. அவ்வலியை அறிந்த நாம், பிறர் முறையை நகைத்தல் தகுமோ?