பதினாறு மீட்டர் விதி

தில்லிக்குப் பக்கத்தில் நொய்டாவில், குதுப்மினாரைவிட உயரமான இரண்டு அடுக்குமாடிக் கோபுரங்கள் நின்றன. 2022 ஆகஸ்ட் 28 அன்று சுமார் 3,700 கிலோ வெடிமருந்து வைத்தார்கள். சில வினாடிகளில் இரண்டும் தரைமட்டம்! விரிசல் விட்ட கட்டடமா? இல்லை. பிளான் அனுமதி வாங்கவில்லையா? அதுவும் வாங்கியாயிற்று. அந்த அனுமதியே விதிக்குப் புறம்பானது, அதுதான் வேடிக்கை.

அப்போதைய நொய்டா விதிப்படி, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே குறைந்தது 16 மீட்டர் விட வேண்டியிருந்தது. பக்கத்துக் கட்டடத்துக்கு விட்டது 9 மீட்டர். பசுமைப் பகுதி என்று முன்பு வரைபடத்தில் காட்டிய இடத்தில்தான் கோபுரங்களே எழுந்தன. அதே வளாகத்தில் ஏற்கெனவே குடியிருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. கட்டடங்களுக்கு நடுவே விடும் இடைவெளியை வீணாய்க் கிடக்கும் மனை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் காற்றும் வெளிச்சமும் அந்த வழியாகத்தான் வருகின்றன. தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி நுழைவதும் அங்கேதான்.

குடியிருப்போர் சங்கம் வழக்குப் போட்டது. இடிக்கச் சொல்லி அலகாபாத் உயர் நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. வீடு வாங்கியவர்களுக்கு 12 சதவீத வட்டியோடு பணத்தைத் திருப்பித் தர வேண்டும், இடிக்கும் செலவும் கட்டியவர் தலையில்தான் என்றது.