இடம் மாறிய தொட்டிச் செடிகள் தேற வழி



நடவு முடிந்த வயலில், நாற்று பச்சை பிடிக்கும் வரை நாம் பொறுத்திருக்கிறோம். ஆனால் வீட்டுத் தொட்டிச் செடியிடம் அந்தப் பொறுமையைக் காட்டுவதில்லை.

திண்ணையில் செழித்திருந்த குரோட்டன்ஸ் செடியைக் கூடத்திற்குள் மாற்றுகிறோம். சில நாட்களில் அடியிலைகள் பழுத்து உதிர்கின்றன. தண்ணீர் போதவில்லை என்றெண்ணிக் காலையும் மாலையும் ஊற்றுகிறோம். இடமாற்றத்தைத் தாங்கிய செடியும் இந்தத் தண்ணீரால் செத்துவிடுகிறது.

காரணம் என்ன? உள்ளே வெளிச்சம் குறைவு. அத்தனை இலைகளையும் காக்க இயலாமல் செடி மூத்த இலைகளைக் கழிக்கிறது. இலை குறைந்தால் செடி உறிஞ்சும் நீரும் குறையும். மண்ணில் ஈரம் தங்கி, காற்றோட்டமின்றி வேர் அழுகும். வேர் அழுகிய செடியும் வாடியே நிற்கும். ஆகவே வாட்டத்தை மட்டும் பார்த்து நீர் ஊற்றாதீர்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும், அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள்.

நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றும்போது நேரும் கேடு வேறு. நிழலில் விட்ட மெல்லிய இலை நேர்வெயிலில் வெளிறிக் கருகும். எனவே காலை இளவெயிலில் முதலில் 1 மணி நேரம் வைத்து, 2 அல்லது 3 வாரங்களில் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டுங்கள்.

மண் தரையில் நெடுநாள் இருந்த தொட்டியை வெடுக்கென்று தூக்காதீர்கள். வேர் அடித்துளை வழியே தரைக்குள் இறங்கியிருக்கும். தொட்டியை மெல்லச் சாய்த்து, அந்த வேரைக் கூரிய கத்தியால் அறுங்கள். நுனிக் கிளைகளையும் சிறிது கழித்து, சில நாட்கள் நிழலில் வையுங்கள்.

செடி தேறும் வரை உரமிட வேண்டாம். நலிந்த வேரை உர உப்பு கருக்கிவிடும். தொட்டியையும் மாற்ற வேண்டாம். இடத்தை அடிக்கடி மாற்றுவதும் கூடாது.

இலை முழுவதும் கொட்டினாலும் செடியைப் பிடுங்கி எறியாதீர்கள். பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பசுமை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நுனி காய்ந்திருந்தால், பசுமை தென்படும் இடம் வரை காய்ந்த பகுதியை வெட்டிவிட்டுக் காத்திருங்கள். கணுக்களில் தளிர் விட்டு, புதிய இலைகள் விரிந்த பிறகு சிறிதளவு தொழு உரம் இடலாம்.

வயலில் காட்டும் பொறுமையைத் தொட்டிச் செடியிடமும் காட்டிப் பயன் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.