விந்தை காணும் கண்

மாணவர்களே, வேற்று நாடு செல்வோர் இருவகையினர். பத்து நாளில் பத்து நகரங்களைக் கண்டு திரும்புவோர் ஒரு சாரார். கல்வியின் பொருட்டோ தொழிலின் பொருட்டோ ஆண்டுக்கணக்கில் தங்கி வாழ்வோர் மற்றொரு சாரார். முன்னவர் கண்ணில் அரண்மனைகளும் கோபுரங்களும் படும். பின்னவர் கண்ணிலோ, தெருவில் எவரும் பொருட்படுத்தாத சின்னஞ்சிறு விந்தைகளும் படும். அவ்விந்தைகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில், கால்வாய்க் கரையிலுள்ள பழைய வீடுகளின் முகட்டிலிருந்து ஒரு விட்டம் வெளியே நீண்டிருக்கும். அதில் இரும்புக் கொக்கி தொங்கும். வீடுகள் பலவும் தெருப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்கும். புதிதாகக் காண்பவர்க்கு நகைப்புத் தோன்றும். அங்கேயே சில காலம் தங்குபவர்க்குக் காரணம் விளங்கும். வீடுகள் குறுகியவை, மாடிப்படிகளோ இன்னும் குறுகியவை. கட்டிலையும் அலமாரியையும் படிவழியே ஏற்ற இயலாது. ஆகவே கொக்கியில் கயிறு மாட்டி, வெளிப்புறமாகத் தூக்கிச் சன்னல் வழியே உள்ளே இழுப்பர். தூக்கும் பொருள் சுவரில் மோதாதிருக்கும் பொருட்டே பல வீடுகளை அவ்வாறு சாய்த்துக் கட்டினர்.

இங்கிலாந்தின் பழைய வீடுகள் சிலவற்றில் சன்னலின் சட்டவடிவம் மட்டும் இருக்கும். நடுவே செங்கல் வைத்து அடைத்திருப்பர். 1696 முதல் 1851 வரை அந்நாட்டில் சன்னல்களை எண்ணி வீட்டுக்கு வரி விதித்தனர். வரிக்கு அஞ்சிய மக்கள் ஒளியையும் காற்றையும் துறந்தனர். ஒரு சட்டத்தின் வரலாறு அந்தச் சுவரில் இன்றும் நிற்கிறது.

கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் 1930களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக்கலை பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிப் பல நாடுகளில் அலைந்து, 1940இல் ஆவணப்படமாக வெளியிட்டவர். அவருடைய பயணக் கட்டுரைகளில் எளிய மக்களின் அன்றாட நடைமுறைகளுக்கும் தனியிடம் உண்டு. அயலாரை எள்ளாது, அறியும் வேட்கையோடு நோக்கிய கண் அவருடையது.

அத்தகைய கண், ஊர் திரும்பியதும் உறங்கிவிடலாகாது. நல்லூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பனியன் தொழிலின் பொருட்டு அயல்நாடு சென்று மீள்வோர் பலர். அவர்களுடைய சொந்த ஊரிலேயே நொய்யல் ஆற்றில் பல்லாண்டுகள் சாயநீர் ஓடியது. வெளியூரார் அதனைக் கண்டு திகைத்தனர். நாள்தோறும் பாலத்தைக் கடந்தவர்க்கோ அது பழகிய காட்சியாயிற்று. 1992இல் பாசனத்திற்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. வயல்களும் கிணறுகளும் கெட்டன. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரை வெளியே விடும் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைகள் மூடியபோது தொழிலாளர் பலர் வேலையிழந்து வாடினர். ஆறு நிறம் மாறிய தொடக்க நாளிலேயே எல்லோரும் ‘ஏன்?’ என்று கேட்டிருப்பின், உழவரும் தொழிலாளரும் இத்தனை துயருற நேர்ந்திராது அன்றோ?

நீங்கள் கடல் கடந்து செல்லும் நாள் வரும்போது வரட்டும். நாளைக் காலை பள்ளிக்கோ கல்லூரிக்கோ செல்லும் வழியில், அயல்நாட்டார் ஒருவர் உங்களோடு நடந்து வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவர் எவ்வெவற்றைச் சுட்டிக் காரணம் கேட்பார் என்று குறித்துப் பாருங்கள். விடை தெரியாதவிடத்து ஊர்ப் பெரியோரைக் கேட்டறியுங்கள்.