தற்குறிப்பேற்றம்: தெரிந்தே ஆடும் ஆட்டம்



தற்குறிப்பேற்றம் என்றதும் நம்மில் பலருக்குத் தேர்வுத்தாள்தான் நினைவுக்கு வரும். இரண்டு மதிப்பெண் வினா, மனப்பாட விடை. பாவம், அந்தச் சொல்! தன் குறிப்பை ஏற்றுதல் எனப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஒரு பிள்ளை விளையாடுவது தெரியும். இயல்பாக நிகழும் ஒன்றுக்குக் கவிஞன் தானாக ஒரு காரணம் கற்பிக்கிறான். அது பொய்யென்று அவனும் அறிவான், நாமும் அறிவோம். உவகை பிறக்கும் களன்கள் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். தண்டியலங்காரமோ பொருளணிகள் 35இல் ஒன்றாக இவ்வாட்டத்துக்கு இடம் தந்தது.

நளவெண்பாவுக்கு வருவோம். கானகத்தில் நள்ளிருளில் நளன் பிரிந்து போய்விட்டான். தமயந்தி அழுகிறாள். விடியலில் கோழிகள் கூவுகின்றன. அவள் துயரம் தாளாமல், சிறகாகிய கையால் வயிற்றில் அடித்துக்கொண்டு, விரைந்து வருமாறு கதிரவனை அவை அழைக்கின்றனவாம். துயரத்தின் நடுவே விளையாட்டா எனலாம். அந்தக் காட்டில் அவளுக்காக அழ வேறு யார் இருந்தார்கள்? சேவல் கூவுமுன் சிறகடித்துக்கொள்ளும். சிற்றூரில் வளர்ந்தவர் அறிவர். புகழேந்தி அந்தச் சிறகடிப்பைக் கண்டிருக்கிறார். அதனால்தான் அவர் பொய் நிற்கிறது.

மதுரை மதிற்கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் வரவேண்டாமெனத் தடுப்பதாக இளங்கோவடிகள் கண்டார். மிதிலைக் கொடிகள் இராமனை வருகவென அழைப்பதாகக் கம்பர் கண்டார். காற்றில் ஆடும் அதே துணிதான். நம் வழக்கில் ‘வா’ என்பதற்கும் ‘வேண்டாம்’ என்பதற்கும் கையைத்தானே அசைக்கிறோம்! இருவரும் கொடியின் அசைவை விட்டு விலகவில்லை.

நம் வாழ்த்தரங்குகளில் நடப்பதென்ன? மழை பெய்தால் வானம் தலைவருக்குப் பூத்தூவியது என்கிறோம்; பெய்யாவிட்டால் அவர் கொடையைக் கண்டு முகில் நாணி ஒதுங்கியது என்கிறோம். எது நடந்தாலும் பொருந்துகிற காரணத்தைச் சொல்ல, வானத்தை அண்ணாந்து பார்க்கவே வேண்டியதில்லை. கைதட்டல் மட்டும் குறைவதில்லை. அதுதான் என் கவலை.

அடுத்த கவியரங்குக்குத் தலைப்புக் கேட்டிருந்தீர்கள். ‘அணில்’ என்று வையுங்கள். கத்தும்போது அது ஏன் வாலைத் துள்ளத் துள்ள ஆட்டுகிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணத்தோடு வாருங்கள். அதற்கு முன், ஒரு காலைப்பொழுது மரத்தடியில் நின்று அணிலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.