புகையிரத நிலையமும் நடந்து வருவோரும்

புகையிரதத்திற் செல்பவர் எவராயினும் அவர் முதலில் நடப்பவர், பின்னரே பிரயாணி. வீட்டு வாயிலிலிருந்து நிலையத்தை அடையும் வரையும், மறு நிலையத்தில் இறங்கி வேலைத்தலத்தை அடையும் வரையும் பெரும்பாலோர் தம் கால்களையே நம்பியிருக்கின்றனர். காரில் வந்து அதனை நிலையத்தருகே நிறுத்திவிட்டுச் செல்பவர்கூட இறங்கும் இடத்தில் நடந்தேயாக வேண்டும். அங்கே அவருக்கெனக் கார் காத்திருப்பதில்லை. ஆகவே, ஒரு நிலையம் எத்தனை பேருக்குப் பயன்படும் என்பதைத் தண்டவாளம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிலைய வாயிலுக்கு வெளியேயுள்ள அரை மைல் தூரமும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றது.

அந்த அரை மைல் கவனிக்கப்படாது போனால் என்ன நேரும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவிலே ஒரு நல்ல உதாரணம் உண்டு. தலைநகரான வாஷிங்டனுக்கு மேற்கே ஏறக்குறைய இருபது கிலோமீற்றர் தூரத்தில், வேர்ஜீனியா மாநிலத்தின் பெயர்பக்ஸ் மாவட்டத்தில், டைசன்ஸ் என்னும் இடம் இருக்கின்றது. முன்னர் அதனை டைசன்ஸ் கோர்னர் என்று வழங்கினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அது இரண்டு நாட்டுப்புற வீதிகள் சந்திக்கும் ஒரு சந்தி. சுற்றிலும் பண்ணை நிலங்கள். 1962இல் டலஸ் விமான நிலையம் திறக்கப்பட்டது. 1964இல் வாஷிங்டனைச் சுற்றி வரும் பெருநெடுஞ்சாலை நிறைவுற்றது. 1968இல் அச்சந்தியிலே மாபெரும் அங்காடித் தொகுதியொன்று எழுந்தது. அதன் பின் அலுவலகங்களும் விடுதிகளும் வாகன விற்பனை நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன.

இவை யாவும் காரில் வருவோரை எண்ணியே கட்டப்பட்டவை. ஒவ்வொரு கட்டிடமும் தன்னைச் சுற்றி அகன்ற வாகனத் தரிப்பிடத்தை வைத்துக்கொண்டு, அயலிலுள்ள கட்டிடத்துக்கு முதுகைக் காட்டி நின்றது. அடுத்த கட்டிடத்தில் மதிய உணவு உண்ண விரும்பியவரும் காரை எடுத்துக்கொண்டுதான் போனார். 2010ஆம் ஆண்டளவில் அங்கே ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் வேலை பார்த்தனர். ஆனால் குடியிருந்தோர் இருபதினாயிரம் பேருக்கும் குறைவு. பகலில் நெரிசலும் இரவில் வெறுமையுமாக அந்நகர் விளங்கிற்று.

இந்நிலையை மாற்றவே புகையிரதம் கொண்டுவரப்பட்டது. 2014ஆம் ஆண்டு யூலை மாதம் 26ஆம் திகதி வாஷிங்டன் நகரப் புகையிரதத்தின் புதிய பாதையொன்று திறக்கப்பட்டது. வெள்ளிப் பாதை என்பது அதன் பெயர். முதற் கட்டத்தில் அமைந்த ஐந்து நிலையங்களுள் மக்லீன், டைசன்ஸ் கோர்னர், கிறீன்ஸ்பரோ, ஸ்பிறிங் ஹில் என்னும் நான்கும் டைசன்ஸிலேயே அமைந்தன. அக்கட்டத்துக்கு மட்டும் செலவான தொகை ஏறக்குறைய 290 கோடி டொலர். 2010இல் மாவட்ட சபை ஏற்றுக்கொண்ட திட்டமும் பெருநோக்குடையதே. 2050ஆம் ஆண்டளவில் டைசன்ஸில் ஓர் இலட்சம் பேர் குடியிருக்க வேண்டும். இரண்டு இலட்சம் பேருக்கு வேலை இருக்க வேண்டும். வளர்ச்சியின் முக்காற்பங்கு நிலையங்களிலிருந்து அரை மைலுக்குள் அமைய வேண்டும் என அத்திட்டம் கூறிற்று. டைசன்ஸ் நிலையங்கள் நடந்து வருவோருக்கும் பஸ்ஸில் வருவோருக்கும் உரியவை எனக் கருதப்பட்டமையால், பெரிய வாகனத் தரிப்பிடங்கள் அங்கே திட்டமிடப்படவில்லை.

நடந்து வருவோருக்கென்றே நிலையங்கள் கட்டப்பட்டன. ஆனால் நடந்து வருவதற்கான வழி அதே நாளில் ஆயத்தமாக இருக்கவில்லை.

கிறீன்ஸ்பரோ, ஸ்பிறிங் ஹில் ஆகிய இரு நிலையங்களும் ஏழாம் இலக்க வீதியின் நடுவே அமைந்தவை. அவ்வீதியில் பக்கத்துக்கு மூன்று நான்கு வாகனத் தடங்கள் உண்டு. திரும்பும் வாகனங்களுக்கான தடங்கள் அவற்றுக்கு மேலதிகம். நிலையத்திலிருந்து இரு கரைகளுக்கும் பாலங்கள் போடப்பட்டன. பாலம் வரை குறையொன்றுமில்லை. பாலத்தால் இறங்கியவுடனேதான் இடர் தொடங்கிற்று. அப்பால் வாகனத் தரிப்பிடம். அதற்கப்பால் ஒரு சரிவு. அதற்கப்பால் இன்னொரு தரிப்பிடம். சில இடங்களில் நடைபாதையே இல்லை. வேறு சில இடங்களில் தொடங்கிய நடைபாதை நடுவழியிலே முடிந்து புல்லோடு கலந்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் அலுவலகக் கட்டிடம் நிற்கும். அதனை அடையும் வழியோ சுற்றிச் சுற்றிப் போகும்.

சந்திகளைக் கடப்பதும் எளிதாயிருக்கவில்லை. அமெரிக்காவில் சமிக்ஞை விளக்குகளை அமைக்கும் முறையில், நடப்பவரின் வேகம் வினாடிக்கு மூன்றரை அடி என்று பொதுவாகக் கொள்வர். அக்கணக்கின்படி 120 அடி அகலமான ஒரு சந்தியைக் கடக்க 34 வினாடி வேண்டும். வயோதிபர் ஒருவர், அல்லது குழந்தையைக் கையிற் பிடித்துச் செல்லும் தாய் ஒருத்தி, அவ்வேகத்தில் நடக்க முடியாது. அவ்வளவு நேரம் விளக்கு நின்றாலும், வேர்ஜீனியாவில் சிவப்பு விளக்கு எரியும்போதே வாகனத்தை நிறுத்திப் பார்த்து வலப்புறம் திரும்பலாம் என்பது பொதுச் சட்டம். திரும்பும் சாரதி இடப்பக்கத்திலிருந்து வரும் வாகனங்களைப் பார்ப்பாரேயன்றி, வலப்பக்கத்தில் வீதியிற் கால் வைப்பவரைப் பார்ப்பது அரிது. நடப்பவருக்கு ஒளிரும் விளக்கு அனுமதி தருகின்றது. பாதுகாப்புத் தருவதாகச் சொல்ல முடியாது.

சுற்றுவழி என்பது சிறு தொல்லைதானே என்று சிலர் எண்ணக்கூடும். அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். பத்து நிமிடத்தில் ஒருவர் அரை மைல் நடப்பார். நிலையத்தை நடுவாக வைத்து அரை மைல் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்தால், அவ்வட்டத்தினுள் இருக்கும் அனைவரும் நிலையத்துக்கு நடந்து வரலாம் என்று வரைபடம் சொல்லும். ஆனால் மனிதர் பறவைகளைப் போல் நேர்கோட்டிற் செல்வதில்லை. சதுரங்கப் பலகைபோல் வீதிகள் நெருங்கி அமைந்த நகரிலே, அவ்வட்டப் பரப்பில் நூற்றுக்கு அறுபத்து நான்கு பங்கையே பத்து நிமிடத்தில் எட்டலாம். வீதிகள் அருகி, ஒவ்வொரு வழியும் இருமடங்கு சுற்றிச் செல்வதாயின், எட்டக்கூடிய பரப்பு வட்டத்தின் காற்பங்காகக் குறைந்துவிடும். கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய நிலையத்தின் பயனில் முக்காற்பங்கு, வெளியே ஒரு குறுக்குவழி இல்லாமையால் வீணாகின்றது. ஆனை கொடுத்தும் அங்குசத்துக்குப் பிணக்கா என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

இவ்வாறு நேர்ந்தமைக்கு யாருடைய அறியாமையும் காரணமன்று. நிலையங்கள் திறக்கப்படுமுன்னரே மாவட்ட நிர்வாகம் இக்குறையை அறிந்திருந்தது. மக்களின் கருத்தைக் கேட்டு, வேண்டிய நடைபாதைகளையும் கடவைகளையும் பட்டியலிட்டும் வைத்திருந்தது. இடர், பொறுப்புப் பல கைகளிலே பிரிந்து கிடந்தமையால் வந்தது. பாதையைக் கட்டுவித்தது விமான நிலையங்களின் அதிகாரசபை. புகையிரதத்தை ஓட்டுவது வேறோர் அதிகாரசபை. நிலப் பயன்பாட்டைத் திட்டமிடுவது மாவட்ட சபை. வீதிகளோ மாநில அரசாங்கத்தின் கையில் இருந்தன. 1932இல் நிறைவேறிய சட்டமொன்றின்படி, வேர்ஜீனியாவின் மாவட்ட வீதிகளைப் பேணும் பொறுப்பு மாநிலத்தைச் சேர்ந்தது. பொருளாதார மந்தத்தால் நலிந்திருந்த மாவட்டங்களின் சுமையைக் குறைத்த சட்டம் அது. ஆயினும் எண்பது ஆண்டுகளின் பின், தன் நிலையத்துக்கு முன்னாலுள்ள கடவையொன்றைக் கூட மாநிலத்தின் இசைவின்றி மாற்ற முடியாத நிலையில் பெயர்பக்ஸ் மாவட்டம் இருந்தது. எஞ்சிய நிலமெல்லாம் தனியாருடையது. புதிய குறுக்கு வீதிகளிற் பல, அவ்வந்நிலத்தின் உரிமையாளர் பழைய கட்டிடத்தை இடித்துப் புதியது கட்டும்போதே வரும் என்று திட்டம் எதிர்பார்த்தது. அவர் கட்டும் வரை நடப்பவர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இதே மாநிலத்தில், சில மைல் கிழக்கே, ஆர்லிங்டன் என்னும் மாவட்டம் இருக்கின்றது. அங்கே நடந்தது வேறு. 1960களில் வாஷிங்டன் புகையிரதத்தைத் திட்டமிட்டபோது, ஆர்லிங்டனூடாகச் செல்லும் பாதையை ஒரு நெடுஞ்சாலையின் நடுவே அமைக்க எண்ணினர். அது செலவு குறைந்த வழி. மாவட்டத் தலைவர்கள் அதனை ஏற்கவில்லை. பழைய கடைவீதியின் கீழே சுரங்கமாகவே பாதை செல்ல வேண்டும் என்று வாதாடி வென்றனர். ரொஸ்லின் முதல் போல்ஸ்டன் வரை ஏறக்குறைய மூன்று மைலுக்குள் ஐந்து நிலையங்கள் எழுந்தன. 1979ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பகுதி முழுவதும் இயங்கலாயிற்று. நிலையத்தை விட்டு மேலே வந்தவுடன் நடைபாதை; அதன் ஓரத்திலே கடைகள்; அவற்றின் மேல் வீடுகளும் அலுவலகங்களும். உயர்ந்த கட்டிடங்களை நிலையத்தருகே அனுமதித்து, தொலைவிலுள்ள தாழ்ந்த வீடுகளை அப்படியே விட்டனர்.

ஒப்பிடும்போது நடுநிலை தவறுதல் கூடாது. ஆர்லிங்டனில் நெருங்கிய வீதிகள் முன்னமே இருந்தன. டைசன்ஸில் அவற்றைப் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. மேலும், வேர்ஜீனியாவில் தம் வீதிகளைத் தாமே பராமரிக்கும் இரண்டே மாவட்டங்களுள் ஆர்லிங்டன் ஒன்று. நிலையத்தைப் பற்றி முடிவு செய்தவர்களே நடைபாதையைப் பற்றியும் முடிவு செய்யக்கூடியவராயிருந்தனர். டைசன்ஸிலும் பாதையைச் சுரங்கமாக அமைக்க வேண்டுமென்று குடிமக்கள் கிளர்ச்சி செய்ததுண்டு. செலவு மிகுந்தால் மத்திய அரசாங்கத்தின் உதவி கிடையாது போகலாம் என்று அஞ்சி, 2006இல் மாநில ஆளுநர் தூண்களின் மேல் செல்லும் பாதையையே தேர்ந்தெடுத்தார். சிறு பகுதியொன்று மட்டுமே நிலத்தின் கீழ்ச் செல்கின்றது.

டைசன்ஸிலும் நல்ல பகுதிகள் உண்டு. அங்காடித் தொகுதிக்கு அருகேயுள்ள நிலையத்திலிருந்து வீதிக்கு மேலாகச் செல்லும் பாலம், அத்தொகுதியின் திறந்த முற்றத்துக்கு மக்களைக் கொண்டு சேர்க்கின்றது. நடந்து வருவோர் தமக்கு வாடிக்கையாளர் என்பதை நில உரிமையாளர் உணர்ந்த இடத்தில், வழி விரைவாகவே பிறந்தது. பின்னர் வேறு இடங்களிலும் திருத்தம் வந்தது. சுற்று நெடுஞ்சாலைக்கு மேலாக, நடைபாதையும் சைக்கிள் தடமும் கொண்ட புதிய வீதிப் பாலம் மக்லீன் நிலையத்தருகே அமைந்தது. ஸ்பிறிங் ஹில் நிலையத்துக்குத் தெற்கேயுள்ள குடியிருப்புகளிலிருந்து, ஓடைப் பள்ளத்தாக்கினூடாகச் செப்பனிட்ட நடைவழியொன்று போடப்பட்டது. அங்குள்ளோர் அது வரும்வரை, அண்மையிலே நிலையம் இருந்தும் நேர்வழி இல்லாதிருந்தனர். ஆனால் இவையெல்லாம் நிலையங்கள் திறந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே வந்தவை.

அந்தச் சில ஆண்டுகளின் விலையைக் கொடுத்தவர் யார்? கார் உள்ளவர் இடர் கண்டதும் மீண்டும் காரிலேயே போய்விடலாம். கார் வைத்திருக்க வசதியில்லாத கடைச் சிப்பந்தி, விடுதியறைகளைத் துப்புரவு செய்யும் பெண், இரவு காவலுக்கு வருபவர், சமையற்கூடத்தில் வேலை முடிந்து நள்ளிரவிலே திரும்புபவர் ஆகியோருக்கு அந்த வசதி இல்லை. புல்தரையிலே மிதிபட்டு மிதிபட்டு உண்டாகும் ஒற்றையடித் தடம், ஒருவர் ஒழுங்கை மீறினார் என்பதற்கான அடையாளமன்று. அவ்விடத்திலே ஒரு பாதை வேண்டும் என்று தினமும் காலால் எழுதப்படும் விண்ணப்பம் அது. மழையிலும் பனியிலும் அவ்வழியே செல்வோர், வாகனங்கள் விரையும் வீதியின் ஓரத்தை ஒட்டியே செல்ல வேண்டியவராவர். வழுக்கி விழுந்தால் அவர் விழுவது அவ்வீதியில்.

வெள்ளிப் பாதையின் இரண்டாம் கட்டம் 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 15ஆம் திகதி திறக்கப்பட்டு, டலஸ் விமான நிலையத்தையும் தாண்டிச் செல்கின்றது. இவ்வளவு பெரிய வேலையைச் செய்து முடிக்கும் ஆற்றலும் பணமும் உள்ள நாட்டிலே, நடைபாதைத் துண்டு ஒன்றைப் போடப் பல ஆண்டுகள் சென்றன என்பது சிந்திக்கத்தக்கது. நடைபாதை சிறிய வேலையாயிருப்பதே அதன் தீவினை. திறப்பு விழாவில் நாடா வெட்டுவதற்குப் பாதையும் நிலையமும் உண்டு. ஐம்பது யார் நீளமான நடைபாதைக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. பெரிய வேலைக்கு ஓர் உரிமையாளர் இருப்பார். சிறிய வேலை நான்கு காரியாலயங்களுக்கு நடுவே விழுந்துவிடும்.

புதிய நிலையம் ஒன்றை அமைக்க முற்படும் எந்த நகரும் செய்யத்தக்க காரியம் கடினமானதன்று. நிலையத்தின் ஒவ்வொரு வாயிலிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் அரை மைல் தூரத்தை, பொறியியலாளர் ஒருவர், வயோதிபர் ஒருவரின் நடை வேகத்தில் நடந்து பார்க்க வேண்டும். பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. எந்த இடத்தில் நடைபாதை அறுகின்றது, எந்தச் சந்தியில் விளக்கு போதாது, எந்த வேலியில் ஒரு வாயில் திறந்தால் கால் மணி நேரம் மிச்சமாகும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் எதிரே, அதனைத் தீர்க்கும் பொறுப்புடைய காரியாலயத்தின் பெயரையும், பணம் வரும் வழியையும், முடிக்கும் திகதியையும் எழுதவேண்டும். அத்திகதி முதலாவது புகையிரதம் வந்து நிற்கும் நாளுக்குப் பிந்தியதாக இருத்தல் ஆகாது.